ஆர்லன் கதவைத் தட்டினார்

அன்புள்ள மாரிட்,

இப்போதாவது நிம்மதியாகத் தூங்குகிறாயா அம்மா என்று போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். அதற்கு என்ன பதில் சொல்வதென்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. தூங்குகிறேன் என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேசினேன். மற்றபடி இங்கே நலக்குறைவு ஒன்றும் இல்லை. தோள்வலி கொஞ்சம் தேவலை, பூனை சௌக்கியம், மக்காச்சோளம் ஆள் உயரம் தாண்டிவிட்டது. எங்கள் பால் பரிசோதனைக் கூடத்தில் வழக்கமான கோடைத் தொல்லைதான், பாதி மாதிரிகள் வரும்போதே திரிந்து வருகின்றன. அங்கே கொரியாவில், பூசானில், நீயும் உன் வகுப்புப் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புழுக்கம் தாங்கவில்லை என்றாயே, காலையில் வெறும் காப்பியோடு ஓடாமல் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ.

போனில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். துப்பாக்கி வாங்கு என்று சொன்னது நீ என்பதால் உன்மேல் பழி போடுகிறேன் என்று நினைத்துவிடாதே. வசந்தத்தில் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் என் சிநேகிதி பெட்டியின் வீட்டுக்குள் திருட்டு ஆட்கள் புகுந்ததும், அவள் சாமான் அறைக்குள் ஒளிந்து வாயைப் பொத்திக்கொண்டு கிடந்ததும் உனக்குத் தெரியும். உன் அப்பா பிரிந்து போனபிறகு நானும் அவளைப் போலத் தனியாகத்தான் இருக்கிறேன், ஷெரிஃபின் போலீஸ் ஆட்கள் டவுனிலிருந்து வந்து சேர்வதற்குள் விடிந்துவிடும். துப்பாக்கியே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு நீ எனக்காக வீடியோ வீடியோவாகப் பார்த்து, நடுவில் மடங்குகிற ஒரு கார்பைன் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்து அதன் படத்தை அனுப்பினாய். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு லைலின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். அவர் முதலில் ஷாட்கன்னை எடுத்துக் கையில் கொடுத்தார், என் தோளைப் பார்த்ததும் திரும்ப வாங்கி வைத்துவிட்டு, "வேணாம் ஜோலீன், ஒவ்வொரு வெடிக்கும் நீங்க ஒரு தடவ டாக்டர்கிட்ட ஓடணும்" என்றார். பிஸ்டலின் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுக்கவே எனக்கு வலுவில்லை. "அப்போ இதுதான் சரி. பிஸ்டல் தோட்டாவையே போடற நீளத் துப்பாக்கி. கை ரெண்டு, தோளு, கன்னம், நாலு எடத்துல பிடிமானம். உதைக்காது" என்று கார்பைன்களை வரிசையாக வைத்தார். நீ சொன்னதைத் தூக்கிப் பார்த்தேன், அழகாகத்தான் மடங்கியது, விலையும் அழகாக இருந்தது. பக்கத்தில் அதில் பாதி விலைக்கு ஒன்று, தகரக் குழாயில் கட்டையைச் செருகியது மாதிரி. "மூஞ்சியப் பாக்காதீங்க. என் மாப்பிள்ளையும் இப்படித்தான் இருப்பான், ஆனா ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போட்டதில்ல" என்றார். அந்த மலிவானதைக் கல்குழிக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தேன். தோள் நோகவில்லை, குண்டுகளெல்லாம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள் அடங்கின. எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது. அதையே வாங்கினேன்.

பணம் கட்டும்போது லைல் ஒரு சின்ன டார்ச்சை மேஜைமேல் வைத்தார். "இத முன்னாடி மாட்டிக்கோங்க. துப்பாக்கியவிட இதுதான் முக்கியம். எதிர்ல நிக்கறது யாருன்னு தெரிஞ்சா பாதிப் பேர நாம சுடவே மாட்டோம்." மீதிப் பாதி யார் என்று கேட்டேன். "அவங்க சொந்தக்காரங்க" என்றார். சிரித்தேன். ஆனால் கடைக்காரர்கள் கடைசியில் தலையில் கட்டுகிற எந்தச் சாமானையும் நான் நம்புவதில்லை, உனக்குத் தெரியும். என் வீட்டில் சுவிட்ச் இருக்கிறது லைல் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதை நான் மறக்கப்போவதில்லை.

இப்போது ஆகஸ்ட். நம் பக்கத்தில் வருஷம் முழுக்க யாரும் காரைப் பூட்டுவதில்லை, இந்த மாதம் மட்டும் பூட்டுவோம், இல்லாவிட்டால் யாராவது தோட்டத்தில் காய்த்து மிஞ்சிய சுக்கினிக் காயை மூட்டையாகப் பின்சீட்டில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று நீ உன் கொரியத் தோழிகளிடம் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை என்றாயே, அந்த ஆகஸ்ட். காரைப் பூட்டினேன், சமையலறைக் கதவைப் பூட்டத் தோன்றவில்லை. நீ போன் பண்ணியதற்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை மாலை, புயல் வந்து மின்சாரம் போய்விட்டது. கோடையில் இன்னும் வெளிச்சம் இருக்கவேண்டிய நேரம்தான், ஆனால் மேகத்தில் வீடு கறுத்துவிட்டது. மாடியில் ஜன்னல்களை மூடிக்கொண்டிருந்தபோது கீழே சமையலறையில் பலகை கிறீச்சிட்டது. கார்பைனை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மேடைக்கு அருகில் ஒரு ஆள். கையில் நீளமாக, கறுப்பாக ஏதோ. தோளில் பொருத்தி நேராக அவன் நெஞ்சுக்குக் குறி வைத்தேன். சுவிட்சைப் போட்டேன், எரியவில்லை, எப்படி எரியும். அந்த ஆள் மெல்லக் கைகளை உயர்த்தி, "ஜோ, சுக்கினிதாம்மா இது. வேண்டாம்னா எடுத்துட்டுப் போயிடறேன்" என்றார். பக்கத்துப் பண்ணை, நம் ஆர்லன் மாமா. குரல் தெரிந்தது, பேர் தெரிந்தது, ஆனால் என் கை இறங்க மறுத்தது. அதுதான் மாரிட், அதைத்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. "சரி, மொதல்ல அதக் கீழ வை தாயி" என்று இரண்டாம் முறை சொன்னபிறகுதான் இறக்கினேன். அவர் சுக்கினியை மேடைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். பிறகு பார்த்தேன், துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டை எடுத்துவிட்டிருந்தேன். எடுத்தது நினைவே இல்லை. கீழே அவருடைய தொப்பி கிடந்தது. கதவுக்கு வெளியே படியில் ஒரு பாட்டரி விளக்கு. மின்சாரம் போனதால் எனக்காகக் கொண்டுவந்து, இரண்டு கையும் போதாமல் வெளியே வைத்துவிட்டு, சுக்கினியோடு முதலில் உள்ளே வந்திருக்கிறார்.

மறுநாள் காலை தொப்பிக்காக வந்தார். முன்கதவைத் தட்டினார். நம் வீட்டு முன்கதவைத் தட்டுகிறவர்கள் ஓட்டுக் கேட்கிறவர்களும் மதம் பரப்புகிறவர்களும்தானே. நீ பிறந்த அன்று அடுப்பில் சூப்பு வைத்துவிட்டுப் போனவர், பனிக்காலம் முழுக்கக் கேட்காமலே வந்து நம் பாதையின் பனியை வழித்துவிடுகிறவர், வராந்தாவின் ஓரத்தில் தள்ளி நின்றுகொண்டு, "தல இருக்கு, தொப்பியத்தான் காணோம்" என்று சிரிக்கப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டேன். "நானா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன்" என்றார். பொய். அவருடைய துப்பாக்கி தொழுவத்தில் துருப்பிடித்துக் கிடக்கிறது. அன்று இரவே, ஊரார் கூடுகிற வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்குப் போனேன். லைல் எல்லோர் முன்னாலும், "புது மாப்பிள்ள எப்படி, ஜோலீன்?" என்று கத்தினார். நான் வாய் திறப்பதற்குள் ஆர்லன், "நல்லா இருக்கு, நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு மீனில் எலுமிச்சையைப் பிழிந்தார். யாரிடமும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குள் வரவே இல்லை. வண்டி நம் வாசலைத் தாண்டும்போது இரண்டு ஹார்ன் அடிப்பாரே, அதுவும் இல்லை.

டார்ச்சை வாங்கி மாட்டிவிட்டேன். கார்பைன் இப்போது இரும்பு அலமாரிக்குள் பூட்டி இருக்கிறது. விற்றுவிடு என்று நீ அழுவாய். என் சிநேகிதி பெட்டி வாயைப் பொத்திக்கொண்டு அந்தச் சாமான் அறையில் கிடந்ததை நினைத்தால் விற்கவும் மனம் வரவில்லை, வைத்துக்கொண்டு சமாதானமாகவும் இருக்க முடியவில்லை. நீ சொன்னதை வாங்கியிருந்தாலும் இதே கைதான் பிடித்திருக்கும், ஆகவே உன்னை நொந்துகொள்ளாதே. நாளை ஞாயிறு. அந்தச் சுக்கினியைத் துருவி ரொட்டி சுட்டிருக்கிறேன், அவர் வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறேன். எப்போதும் போலத் தட்டாமல் உள்ளே போய் மேடைமேல் வைத்துவிட்டால், அவரும் அப்படியே வரத் தொடங்குவார் என்று ஒரு கணக்கு. உனக்கு நல்ல உடம்பும் நல்ல சிநேகிதமும் என்றைக்கும் இருக்கட்டும், கண்ணே. பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. ஆர்லன் மாமாவுக்கு ஒரு படத் தபால் போடு, ஆனால் இதைப் பற்றி எழுதாதே.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா

ஞாயிறு மாலை. உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று போனேன். அவர் சமையலறைக் கதவின் பிடியைத் திருப்பினேன், பூட்டியிருந்தது. உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அந்த வீட்டில் நான் கேட்டதில்லை. பேரைச் சொன்னேன். திறந்துவிட்டு, "காத்துல தானா தொறந்துக்குது, அதான்" என்றார். இன்று ஒரு இலைகூட அசையவில்லை. ரொட்டியை வாங்கிக்கொண்டார், ஒரு துண்டு தின்றார், காப்பி கொடுத்தார், உன்னை விசாரித்தார். கிளம்பும்போது, "அடுத்த வாரம் தக்காளி பழுத்துடும் ஜோ, எங்க வைக்கட்டும்?" என்று கேட்டார். எப்போதும் வைக்கிற இடத்தில்தான் என்றேன். தலையை ஆட்டினார், பிறகு, "வராந்தாவுலயே வச்சுட்டுப் போறேனே" என்றார். வீட்டுக்கு வந்து வராந்தாவில், வெயில் படாத மூலையாகப் பார்த்து, ஒரு கூடை எடுத்து வைத்தேன்.