கேமரா குனியக்கூடாது

பிப்ரவரி 3, செவ்வாய்

வெட்கக்கேடு ஒன்றை எழுதிவிடுகிறேன். நகரசபைச் செலவில் என் புருஷனை வேவு பார்த்தேன்.

ஒரு விபத்தைப் பார்த்துவிட்டு ட்ரோனைத் திருப்பி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டுவதென்றால், நான் காவல் நிலையத்தில் நாற்காலியில்தான், காலடியில் ஹீட்டரோடு. போகும்போதும் வரும்போதும் கேமரா அடிவானத்தை மட்டும் பார்க்க வேண்டும். அழைப்பு வந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் குனியலாம். யார் வீட்டுக் கொல்லையையும் எட்டிப் பார்க்க மாட்டோம் என்று ஊரார் முன்னால் சத்தியம் செய்து வாங்கிய ட்ரோன். எங்கள் தெரு வந்ததும் கேமராவைக் குனியவைக்கும் பொத்தானை விரல் தானாக அழுத்திவிட்டது. எலுமிச்சை மரத்துக்குப் பின்னால் எவரார்தோ, இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்த மனிதர், பொரித்த பன்றித்தோல் நொறுக்குத்தீனிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு!

சாயங்காலம், "மத்தியானம் என்ன சாப்பிட்ட?" என்றேன்.

"சாலட்டு."

எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது?

பிப்ரவரி 5

சார்ஜென்ட் வில்க்ஸ் கூப்பிட்டாள். வயதில் என் மகள், குடைவதில் என் மாமியார். கேமரா எப்போது குனிந்தாலும் கம்ப்யூட்டர் கோள் மூட்டிவிடுகிறது.

"யார் வீடு அது, ஒஃபீலியா?"

"என் வீடுதான். அங்க இருந்தது என் புருஷன்."

"அவர் மேல புகார் ஏதாவது?"

"இருபத்தாறு வருஷமா இருக்கு மேடம்."

சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை குனிஞ்சீங்கன்னா அந்த நாற்காலி உங்களுக்கு இல்ல. இந்தத் திட்டத்துக்கே மூடுவிழா நடத்த ஊர்ல பாதிப்பேர் காத்துட்டிருக்காங்க."

ரோந்து போய்ப் போய் முழங்கால் தேய்ந்தவளுக்கு அந்த நாற்காலியை விட்டால் வேறென்ன இருக்கிறது?

பிப்ரவரி 6

விரலில் பிளாஸ்திரி போட்டுக்கொள்ளலாமா?

பிப்ரவரி 11, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையெல்லாம் மழை. மத்தியானம் விட்டதும் ஒரு பெண்ணின் அழைப்பு. அப்பா அமதோர் லூனா, வயது எழுபத்தெட்டு, மறதிக்காரர், நீலக் குளியல் அங்கியோடு வெளியே போய்விட்டார். "பழைய பஸ் ஸ்டாப்புக்குத்தான் போவாரு, எப்பவும் அங்கதான்."

கிளப்பினேன். மொட்டைமாடியில் ஃபெட்டு. வேறு விமானம் ஏதும் குறுக்கே வராமல் வானத்தைக் காவல் காப்பது அவன் வேலை. கதவு அகலத்துக்கு ஒரு சமோவாத் தீவுக்காரன். பஸ் ஸ்டாப்புக்கு வழி ஆற்றுப் படுகைக்கு மேலே. வருஷம் முழுக்கக் காய்ந்து கிடக்கும் படுகையில் இன்று தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. குனியட்டுமா? வில்க்ஸ் முகம் வந்து நின்றது. குனியவில்லை. மேகத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். அழகான மேகம், நாசமாய்ப் போக.

பஸ் ஸ்டாப்பில் யாருமில்லை. சுற்றினேன். அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு. இல்லை.

காதில் ஃபெட்டு: "அக்கா, போற வழியில ஆத்தைப் பாத்தியா?"

"பாக்கல."

"ஏன்?"

"ரூல்ஸ்டா."

"ரூல்ஸுக்கு நீச்சல் தெரியுமா?"

வில்க்ஸ் கூட்டத்தில் இருந்தாள், போனை எடுக்கவில்லை. திருப்பினேன். படுகைக்கு மேலே வந்ததும் அழுத்தினேன் — போனால் போகட்டும் நாற்காலி. பழுப்புத் தண்ணீர். மிதந்து போகும் கடைத் தள்ளுவண்டி. பாலத்தின் ஓரம், கான்கிரீட் சரிவில், நீலமாக ஏதோ. அசையவில்லை. தண்ணீர் அதன் கால்மாட்டில்.

ரேடியோவில் கத்தினேன். கத்திய வாய் மூடுவதற்குள் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. நாலு பேர் இறங்கித் தூக்கினார்கள். உயிர் இருக்கா? சொல்லுங்கடா, இருக்கா இல்லையா?

பிப்ரவரி 12

கண் விழிக்கவில்லையாம். குளிரில் விறைத்துப் போயிருக்கிறார்.

முதல் தடவை போனபோதே அங்கே கிடந்தாரா? ட்ரோன் வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். மேகம்தான் இருக்கிறது. அப்பவே குனிஞ்சிருந்தா? ஒரு பன்றித்தோலுக்காகக் குனிந்த விரல், ஒரு மனுஷனுக்காகக் குனியலையே.

பிப்ரவரி 14

விழித்துவிட்டார்! நர்சிடம், "அடுத்த பஸ் எப்போ?" என்றாராம். மகள் என்னைக் கூப்பிட்டு அழுதாள். "நீங்க மட்டும் பாக்கலன்னா அப்பா இல்லங்க." வில்க்ஸ்கூட, "அன்னைக்குக் குனிஞ்சது சரிதான்" என்றாள், பல் பிடுங்கியவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. மேயர் கையால் பாராட்டுப் பத்திரமாம். எவரார்தோவிடம் நாலு தடவை கதை சொன்னேன். ஐந்தாவது தடவை அவரே சொன்னார்.

பிப்ரவரி 20

டாக்கோ விற்கும் சாப்பாட்டு வண்டி வரிசையில் எனக்கு முன்னால் தீயணைப்புக்காரன் ஹாக்கன். அன்றைய வேகத்தைப் புகழ்ந்தேன். "நான் கத்தின உடனே வந்து நின்னீங்களேப்பா!"

"நீ கத்தும்போது நாங்க பாதி வழி வந்தாச்சு," என்றான். "பாலத்தடியில கூடாரம் போட்டிருக்காளே லொரெய்ன், அவதான். கிழவரைத் தண்ணியிலேர்ந்து இழுத்துப் போட்டு, தன்னோட தார்ப்பாயைப் போத்திவிட்டு, செருப்புகூட இல்லாம எங்க ஸ்டேஷனுக்கு ஓடி வந்தா."

அப்படியானால் நான் பார்த்த நீலம் குளியல் அங்கி இல்லை, அவள் தார்ப்பாய்.

"பாவம், போன் இல்லையா அவகிட்ட?"

"கையிலயே வெச்சிருந்தா. நானும் அதைத்தான் கேட்டேன். போன் பண்ணா முதல்ல அந்தப் பறக்குறது வந்து எங்க கூடாரத்தையெல்லாம் படம் புடிக்கும், அப்புறம் பிரிச்சுப் போட ஆள் வரும், அதான் ஓடி வந்தேன்னு சொன்னா."