நான்காம் இடத்தில் இருந்த மருந்து

அனுப்புநர்:
மருத்துவமனைப் பதிவு மென்பொருளை எழுதிய ஒப்பந்தப் பணியாளர்

பெறுநர்:
இயக்குநர், சுகாதாரத் துறை

பொருள்: செய்யாத பிழைக்காக நீக்கப்பட்ட பதிவு எழுத்தரை மீண்டும் பணியில் சேர்க்கவும், பிழை செய்த என்னை விசாரிக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

1. தங்கள் மருத்துவமனையில் பதிவு மேசைக்குத் தமிழிலும் மருத்துவர் அறைக்கு ஆங்கிலத்திலும் ஒரே மென்பொருள் ஓடுகிறது. அதன் தமிழ்த் திரையை அமைத்தவன் நான்.

2. மென்பொருளின் திறப்பு விழாவுக்கு முதல் நாள், ஒவ்வாமைப் பட்டியல் தமிழில் அகர வரிசையில் இல்லை என்று எங்கள் மேலாளர் குறைபட்டார். மாற்றினேன். ஆனால் மென்பொருள் மருந்தின் பெயரைச் சேமிப்பதில்லை. பட்டியலில் அது எத்தனையாவது என்பதை மட்டுமே சேமிக்கும். ஆங்கிலத்தில் பென்சிலின் மூன்றாவது, சல்பா நான்காவது. தமிழில் சல்பா முந்திக்கொள்ள, பென்சிலின் நான்காவதானது. "இது ஆபத்து சார், ஒவ்வொரு மருந்துக்கும் மாறாத எண் கொடுக்கணும், ரெண்டு நாள் ஆகும்" என்றேன். "நாளைக்கு விழாவை வச்சுக்கிட்டு என்னய்யா ரெண்டு நாள்? அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்" என்றார். நானும் விட்டுவிட்டேன். பெரும்பாலோர் சொல்லும் "இல்லை" என்பது இரு மொழியிலும் இரண்டாவதாகவே அமைந்ததால், நான்கு மாதம் எவர் கண்ணிலும் படவில்லை.

3. கடந்த மாதம் ஒரு பேருந்து ஓட்டுநர் கால் புண்ணோடு வந்தார். பென்சிலின் தனக்கு ஆகாது என்றார். எழுத்தர் அதையே பதிந்தார். மருத்துவர் திரையில் சல்பா என்று தெரிந்தது. பென்சிலின் ஊசி போடப்பட்டது. மருந்துச் சீட்டோடு போன மனைவி திரும்புவதற்குள் அவர் உயிர் போய்விட்டது.

4. விசாரணைக் குழு ஆங்கிலத் திரையை மட்டும் பார்த்தது. "கவனக்குறைவு" என்று ஒரே சொல்லில் எழுதி, பத்தொன்பது ஆண்டு வேலை பார்த்தவரை நீக்கியது. அதே வாரம், பட்டியலைச் சத்தமில்லாமல் பழையபடி மாற்றச் சொல்லி மேலாளரிடமிருந்து எனக்கு உத்தரவு வந்தது. பிழையே இல்லாத மென்பொருளுக்குத் திருத்தம் எதற்கு என்று அவருக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டேன். பதில் வராததால் தங்களுக்கே எழுதுகிறேன்.

5. எழுத்தரின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். வைவார் என்று நினைத்தேன். "அப்ப நான் சரியாத்தான் பதிஞ்சேனா தம்பி? அசதியில மாத்தி அமுக்கியிருப்பீங்கம்மான்னு என் மகனே சொன்னான். நானும் நம்பிட்டேனே" என்று அழுதார். வேலையைப் பறித்தது குழு. அவர் கண்ணின் மீதே அவருக்கு இருந்த நம்பிக்கையைப் பறித்தவன் நான்.

6. பட்டியலை மாற்றினோமே தவிர, பழைய பதிவுகளைத் தொட எங்களுக்கு அனுமதி தரப்படவில்லை. நாற்பத்தொரு பேருக்கு ஆகாத மருந்து இன்றும் மாறியே கிடக்கிறது. அவர்களின் தொலைபேசி எண்களையும் பழைய நிரலின் நகலையும் இணைத்துள்ளேன். எழுத்தரை மீண்டும் அழையுங்கள். எனக்கான தண்டனை மெதுவாக வரட்டும். அந்த நாற்பத்தொரு பேரை மட்டும் இன்றே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள் ஐயா. அவர்களில் ஒருவர் இந்நேரம் பதிவு மேசையின் வரிசையில் நின்றுகொண்டிருக்கலாம்.

நாள்: மார்ச் 9, திங்கட்கிழமை
இடம்: பேருந்து நிலையத் தபால் அலுவலகம்

இப்படிக்கு,
(ஒப்பம்)
தமிழ்த் திரையை அமைத்தவன்