பண்ணை வீட்டுச் சிவப்புக் கார்

ஜனவரி 10, சனி

பனி. எட்டு மணி வரை எதிர்வீடு தெரியவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்துப் பூவத்தாங்குடி. கார் பார்க்க.

மோட்டார் சைக்கிள் போன மாதமே கையை விரித்துவிட்டது. வாரம் முழுக்க மன்னை, நீடாமங்கலம், திருவாரூர் என்று கோர்ட் கோர்ட்டாக அலைச்சல். புதுக் காருக்கு இன்று பதிவு செய்தால் பிள்ளைகள் காலேஜுக்குப் போகிற வயதில் வரும். ஆகவே பழையது. பழையதிலும் யாரும் சீண்டாதது.

பண்ணை வீட்டு ரெங்கராஜன், ஊரில் 'சின்னவர்', தானே வந்து நெல் கொட்டகையைத் திறந்தார். பங்கு பிரித்துக்கொண்டு மெட்ராஸுக்குக் குடிபோகிறார். நில உச்சவரம்பு இன்னும் கீழே இறங்கும் என்று எல்லாப் பண்ணையிலும் இதே பேச்சு. சாக்குப் படுதாவை இழுத்துவிட்டார்.

சிவப்பு. இரண்டே சீட். நீண்ட மூக்கு. என் இடுப்பு உயரம்கூட இல்லை. நீலகிரியில் தேயிலைத் தோட்டத்துத் துரை சீமைக்குக் கப்பலேறும்போது இவரிடம் விற்றுவிட்டுப் போனது. லா காலேஜ் லீவில் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து இதே கார் போவதைப் பார்த்திருக்கிறேன். புழுதி அடங்கும் வரை எழுந்திருக்கவில்லை. அப்போது அப்பா இன்னொரு பண்ணையில் ஆள் வேலை.

சின்னவர் நேராகவே கேட்டார். "எங்க பெரியப்பா மேல அஞ்சம்மாவுக்காக ஆஜராவறது நீங்கதானே?"

"ஆமாங்க."

"அது கோர்ட்டு. இது வண்டி. வாங்கி நிறுத்தி வைப்பீங்களா, ஓட்டுவீங்களா?"

"தினம் ஓட்டணுங்க. வேற வண்டி கிடையாது எனக்கு."

"அப்ப எடுத்துக்குங்க, வக்கீல் சார்."

ஸ்டார்ட் செய்தார். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. எனக்கு நெஞ்சுக்குள்.

ஜனவரி 11, ஞாயிறு

வெயில் நல்லது. வண்டி வாசலில். தெரு முழுக்க ஆட்கள்.

சரோஜா இடுப்பில் கை வைத்து ஒரு சுற்று வந்தாள். "என்னங்க, நாம நாலு பேரு. இதுல ரெண்டு சீட்டு. எந்த ரெண்டு பேர விட்டுட்டுப் போறது?"

குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தேன்.

இவள் அப்பா பஸ் டிரைவர். ஸ்கூல் மைதானத்தில் வைத்து மகளுக்குக் கற்றுக்கொடுத்தவர். கியர் மாற்றும்போது நான் கடகடவென்று பல்லை உடைத்ததைக் கேட்டுப் பொறுக்காமல், "எறங்குங்க" என்றாள். டீச்சர் குரல். பாமணி ஆற்றங்கரை ரோட்டில் ஓட்டிக் காட்டினாள். கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டுமாம். வெண்ணெய் மாதிரி விழுந்தது கியர்.

திரும்பி வந்தோம். பழைய சேலையைக் கிழித்து அவளே வண்டியைத் துடைத்தாள்.

ஜனவரி 13, செவ்வாய்

போகி. விடியலில் பழைய பாய் எரித்த புகை. திருவாரூர் போய் வந்தேன். பெட்ரோல், ரேடியேட்டருக்குத் தண்ணீர், சீட்டில் பனி துடைக்கத் துணி.

ரோட்டில் காதில் விழுந்தவை:

"தலைதான் வருது, ஒடம்பக் காணோமே."

"படுத்துக்கிட்டே ஓட்டுறாருடா."

திருவாரூர் ரயில்வே கேட்டில், மாட்டுவண்டிக்காரர்: "அய்யா, மழை பேஞ்சா?" குடை இருக்கிறது என்றேன். சிரித்துக்கொண்டே வண்டியைக் கொஞ்சம் ஒதுக்கி இடம் விட்டார்.

கதிரை ரோட்டில் பரப்பிப் போட்டிருக்கிறார்கள், பஸ் ஏறிப் போனால் நெல் உதிருமே என்று. என் வண்டி அடிவயிறு தட்டி நின்றுவிட்டது. வைக்கோலை உருவி எடுத்து விட்ட அம்மா சொன்னது: "இது ஏறுனா நெல்லு உதிராது தம்பி, காருதான் உதிரும்."

ஆனாலும் கூத்தாநல்லூர் தாண்டி அந்த நேர் ரோடு! இரண்டு பக்கமும் பழுத்த சம்பா. தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பதால் கதிர்கள் தோள் உயரத்தில். பஸ்ஸில் இத்தனை வருஷம் போயும் இந்த வயல்களின் வாசனை எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

ஜனவரி 17, சனி

பொங்கல் லீவு முடிந்தது. வயிறு சரியில்லை, கரும்பு அதிகம்.

விவசாயிகள் சங்கத்துத் தோழர் மாரிமுத்து வந்தார். உட்காரவில்லை.

"ஒளிவு மறைவு இல்லாம கேட்டுடறேன். பண்ணைக்கு வெலை போயிட்டீங்கன்னு தெருவுல பேசிக்கிறாங்க."

"நான் வாங்குனது காரு, தோழர். என்னை யாரும் வாங்கல."

"எனக்குத் தெரியுது. அஞ்சம்மாவுக்குத் தெரியணுமே."

அதுதான். அஞ்சம்மாள் நேற்று கையெழுத்துக்கு வர வேண்டியவள். வரவில்லை. புருஷன் செத்ததும் குத்தகையும் செத்தது என்கிறார் பெரியவர், சின்னவரின் பெரியப்பா. அந்த நிலத்தில் புருஷனோடு சேர்ந்து இருபது வருஷமாக நடவும் களையும் அறுப்பும் இவள். இந்த சம்பாவும் இவள் நட்டது. அறுப்புக்கு நிற்கிறது. பெரியவர் வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து அறுக்கப்போகிறார் என்று பேச்சு. திங்களுக்குள் மனுப் போடாவிட்டால் தடை உத்தரவு கிடைக்காது. பிறகு வழக்கு இருக்கும், நெல் இருக்காது.

சரோஜா சொல்கிறாள், பஸ்ஸில் போய்ப் பாருங்கள் என்று. இல்லை. காரிலேயே போகிறேன். ஒளித்து வைத்தால் தப்பு செய்தவன் மாதிரி ஆகும்.

ஜனவரி 18, ஞாயிறு

பூவத்தாங்குடி. சத்தம் கேட்டதும் தெருவில் பேச்சு நின்றது. பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். எனக்குக் கூச்சம்.

அஞ்சம்மாள் கூரை வீட்டு வாசலில் முறத்தோடு. எழுந்திருக்கவில்லை. ஐம்பது வயது இருக்கும். ஒல்லி. பார்வை மட்டும் ஆளை எடை போடும்.

"இந்தச் சத்தம் கேட்டா நாங்க ரோட்ட விட்டு வாய்க்கால்ல எறங்கி நிப்போம் தம்பி. சேறு அடிக்கும். இப்ப நீங்க ஓட்டியாறீங்க. இனிமே யாரு எறங்கணும்?"

"யாரும் எறங்க வேணாங்கக்கா."

முறத்தைக் கீழே வைத்தாள். காரைச் சுற்றி வந்தாள். அதன் மூக்கில் உள்ளங்கையை வைத்தாள். சூடு. எடுக்கவில்லை.

"அழகாத்தான் இருக்கு, சனியன்."

மனுவில் கையெழுத்து. கட்டைவிரல் இல்லை, எழுத்தே போட்டாள். முதியோர் வகுப்பில் கற்றதாம். ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சு விட்டு.

ஜனவரி 21, புதன்

நிறைய நடந்துவிட்டது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

திங்கள் மனு. இன்று காலை வாதம், அஞ்சம்மாளும் கோர்ட்டில். நடுவில் தோழர் மாரிமுத்து அனுப்பிய ஆள் சைக்கிளில் வந்து மூச்சிரைத்தார்: பெரியவர் விடிகாலையிலேயே லாரியில் ஆள் இறக்கிவிட்டார், அறுப்பு நடக்கிறது, பந்தோபஸ்துக்குப் போலீஸ், மதகுப் பாலத்தில் மூங்கில் கட்டி நம் ஆட்களை நிறுத்திவிட்டார்கள்.

பகல் பன்னிரண்டுக்கு உத்தரவு. இடைக்காலத் தடை. கேட்டது கிடைத்தது. ஆனால் தாளில் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர் கோர்ட் அமீனா. நிலத்தை அடையாளம் காட்ட அஞ்சம்மாள் வேண்டும். அடுத்த பஸ் இரண்டு மணிக்கு.

இரண்டு சீட். மூன்று பேர்.

அமீனா பருத்த மனிதர். குடை, பை. "வக்கீல் சார், இதுல நானா?" என்று தயங்கினார். அதற்குள் அஞ்சம்மாள் பின்னால் ஏறிவிட்டாள். சீட்டுக்குப் பின்னால் மடித்து வைத்த கூரைத் துணி மேல். முந்தானையை இடுப்பில் இறுகச் செருகி, இரண்டு சீட்டு முதுகையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டாள்.

"போலாம் தம்பி."

"விழுந்துடாதீங்கக்கா."

"நாத்துக்கட்டு வண்டியில ஒசரத்துல உக்காந்து வந்தவ நான். நீங்க ரோட்டப் பாருங்க."

ஓட்டினேன். இந்த வண்டி எதற்காகச் செய்யப்பட்டது என்று இன்றுதான் தெரிந்தது. வளைவில் சாயவில்லை. தரையைக் கவ்விக்கொண்டு போனது. கியர் ஒன்றுகூடக் கடிக்கவில்லை. கழகக் கொடி, செங்கொடி, டீக்கடை, கோயில் குளம், எல்லாம் கோடு. அமீனா வாய்க்குள் ஏதோ ஜபம். பின்னால் ஒரு சத்தமும் இல்லையே என்று கண்ணாடியில் பார்த்தேன். முடி அவிழ்ந்து பறக்க, கண்ணைச் சுருக்கி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு மாதிரி ஒன்று.

பாலத்துக்கு முன்னால் நம் ஆட்கள் கூட்டம். சிவப்பு மூக்கைக் கண்டதும், வண்டி கைமாறியது தெரியாத பக்கத்து ஊர்க்காரர்கள் சின்னவர் என்று நினைத்து வழி மறிக்கப் பார்த்தார்கள். ஒருவர் கையில் மண்ணாங்கட்டி. அதற்குள் ஒரு பெண் குரல்: "ஏ, அஞ்சம்மாடி! தேருல வருது பாரு!"

கூட்டம் பிளந்தது. அடுத்து மூங்கில். அங்கே இரண்டு கான்ஸ்டபிள்கள். அவர்களுக்கும் அது பண்ணைக் கார்தான். தூரத்திலேயே மூங்கிலைத் தூக்கிவிட்டார்கள். ஒருவர் சல்யூட் வைத்தார். தாண்டிய பிறகுதான் பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்திருப்பார். கை இறங்கவே இல்லை.

வரப்பில் ஏறும்போது அடியில் ஏதோ கழன்று விழுந்தது. நிற்கவில்லை.

வயலில் கால்வாசி அறுப்பு ஆகியிருந்தது. பெரியவரின் காரியக்காரர் குடையோடு ஓடிவந்தார், பழைய பழக்கத்தில் "வாங்க சின்னய்யா" என்று. என்னைப் பார்த்ததும் பாதியில் நின்றார். அமீனா இறங்கி, சட்டையை இழுத்துவிட்டு, உத்தரவை உரக்கப் படித்தார். அந்தக் குரல் அவரிடம் இருப்பது எனக்கு இன்றுவரை தெரியாது. சப்-இன்ஸ்பெக்டர் வாங்கி இரண்டு முறை படித்தார். தொப்பியைக் கழற்றி மாட்டினார். "அறுப்ப நிறுத்துங்கய்யா."

வெளியூர் ஆட்கள் அரிவாளோடு திகைத்து நின்றார்கள். காரியக்காரர் அவர்கள் பக்கம் திரும்பி, "அறுக்காத வயலுக்குக் கூலி கிடையாது, லாரியில ஏறுங்க" என்றார். ஆணும் பெண்ணுமாகக் காலையிலிருந்து குனிந்தவர்கள். ஒருத்தி மட்டும் கேட்டாள்: "அறுத்ததுக்கு?"

அவர் குடையைச் சாய்த்துக்கொண்டு லாரிப் பக்கம் நடந்தார்.

அஞ்சம்மாள் வரப்பிலிருந்து இறங்கினாள். அறுத்துப் போட்டுக் கிடந்த அரிகளைப் பார்த்தாள். குனிந்து தாள் எவ்வளவு விட்டு அறுத்திருக்கிறார்கள் என்று தொட்டுப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம்:

"நல்லாத்தான் அறுத்திருக்கீங்க. ஒங்க பங்கு நெல்லுக்கட்ட எடுத்துக்கிட்டுப் போங்க. வயித்துக்குத்தானே வந்தீங்க."

நான் இவ்வளவு வருஷம் சட்டம் படித்து வாதாடுகிறேன். அந்த நிமிஷத்தில் அந்த வார்த்தை என் வாயில் வந்திருக்காது. பாலத்தில் ஆத்திரத்தோடு நின்றவர்களும் வந்து பார்த்தார்கள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. தோழர் மாரிமுத்து தானே ஒரு கட்டைத் தூக்கி அந்தப் பெண்ணின் தலையில் வைத்தார்.

கழன்றது சைலன்சர். மன்னை வரை ஊர் கூடிப் பார்க்கும் சத்தத்தோடு வந்தேன். அமீனா பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டார்.

ஜனவரி 22, வியாழன்

உடம்பு வலி. பட்டறையில் வண்டி. சைலன்சருக்கு வெல்டிங் வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் சின்னவர் வீட்டுக்கு வந்தார். பயந்தேன். காபி சாப்பிட்டார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியப்பா இவரோடு பேச்சை நிறுத்திவிட்டார், அது ஊருக்கே தெரியும்.

"வரப்புல ஏத்துனீங்களாமே?"

"ஏத்திட்டேங்க. மன்னிக்கணும்."

"நான் பன்னெண்டு வருஷம் வச்சிருந்தேன். அது மேல தூசி விழுந்தா தொடச்சேன். ஏறும்னே எனக்குத் தெரியாது."

முகத்தில் கோபமில்லை. பொறாமைதான், அதுவும் பிள்ளைத்தனமான பொறாமை. பட்டறை வரை கூடவே நடந்து வந்து, சத்தத்தைக் கேட்க ஒரு முறை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். கேட்டார். கிளம்பினார். நல்ல மனிதர் என்று எழுத எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் எழுதுகிறேன்.

ஜனவரி 25, ஞாயிறு

பனி இல்லை. தை வெயில். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுச் சரோஜாவோடு பூவத்தாங்குடி. அறுப்பு முடித்துக் களத்தில் அடிக்கிறார்கள். தெருவில் யாரும் வீட்டுக்குள் போகவில்லை. பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடிவந்தார்கள்.

அஞ்சம்மாள் ஒரு மூட்டை நெல்லைத் தோளில் தூக்கி வந்து இடப்பக்கச் சீட்டில் உட்கார வைத்தாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன்.

"பீஸு இல்ல தம்பி இது. வண்டிக்கு."

வழக்கு இன்னும் இருக்கிறது. வருஷக்கணக்கில் இழுக்கும். பெரியவர் மெட்ராஸ் வக்கீல் வைக்கிறாராம். அவளிடம் சொன்னேன். "இழுக்கட்டும். குறுவைக்கு நாத்து விடணும், அதப் பாப்போம்" என்றாள்.

இப்போது மூட்டைக்கு ஒரு சீட், இன்னொன்றுதான் மிச்சம். சரோஜா சாவியைக் கேட்டாள்.

"நீங்க பஸ்ஸுல வாங்க."

களத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பஸ் ஏறினேன். கூட்டம், படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. இவள் இன்னும் களத்தில் பேசிக்கொண்டிருந்திருப்பாள். கூத்தாநல்லூர் நேர் ரோட்டில் பின்னால் அந்தச் சத்தம். டிரைவர் தானாகவே இடம் கொடுத்தார். சிவப்பாக, தாழ்வாக, பக்கத்தில் நெல் மூட்டையை வைத்துக்கொண்டு, முந்தானையைத் தலையில் சுற்றி முடிந்துகொண்டு ஒருத்தி எங்களைத் தாண்டிப் போனாள். ஒரு கைதான் ஸ்டியரிங்கில்.

"யாருய்யா அது?" என்றார் கண்டக்டர்.

பஸ் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தது. நானும் சாய்ந்தேன்.