கையில் புகைந்த கோப்பை

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? முழங்கால் வலி தேவலையா? நான் மயங்கி விழுந்ததாக என் மகன் உங்களிடம் சொன்னது தவறு. நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

பள்ளி நூலக வேலை முடிந்த நேரங்களில், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்ல ஒரு சின்ன மரவீடு செய்துவருகிறேன் அல்லவா? அன்று பலகை இடுக்குகளை எபாக்ஸி பட்டியால் (இரண்டு பசைகளைக் கலந்தால் கல்லாக இறுகுமே, அதனால்) அடைக்கப் போனேன். தூசி ஒட்டக்கூடாதென்று மரவீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, எல்லா இடுக்குக்கும் சேர்த்து ஒரு கோப்பை நிறையக் கலந்தேன். அது கையிலேயே கொதித்துப் புகைந்தது. தரையெல்லாம் மரத்தூள், கீழே போடவும் பயம். பதற்றத்தில் தாழ்ப்பாள் வேறு சிக்கிக்கொண்டது.

கத்தினேன். பக்கத்துப் பட்டறைத் தச்சர் கதவை உதைத்துத் திறந்து, கோப்பையைப் பிடுங்கி வெளியே மண்ணில் வீசினார்.

“ஏம்மா, ஊருக்கே விருந்தா? மொத்தமா கலந்தா சூடேறிடும். கொஞ்சம் கொஞ்சமா கலக்கணும். கதவைத் திறந்து வெச்சு, முகமூடி, கையுறை எல்லாம் போட்டுக்கணும்!”

நான் வெளியே வந்து, மண்ணில் புகைந்த கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூரையில் ஓர் இடுக்கு பாக்கி. தினமும் கதவு வரை போய்த் திரும்பிவிடுகிறேன். இந்தப் பயத்தை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. வேலையைத் தொடர்ந்தால் கையில் பட்டி படாமல் போட்டுக்கொள்ள, அத்தானின் பழைய முழுக்கைச் சட்டை இரண்டு அனுப்புங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. நான் மறுபடி உள்ளே போகலாமா, வேண்டாமா? போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். தயவுசெய்து கடிதமாகவே பதில் எழுதுங்கள்.

உங்கள் தங்கை