எலுமிச்சம்பழம் காய்ந்தால் உன் கார் திரும்புவதில்லை

பாச்சாங், மலாக்கா
20.2.1995

அன்பு மகன் தினேஸ்வரனுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், பர்மிங்ஹாம் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். நீ விட்டுப்போன ரிமோட் காரும் சுகம்தான், ஒரே ஒரு குறை. நேராகப் போகவேண்டிய இடத்தில் நேராகப் போகிறது, திரும்பவேண்டிய இடத்திலும் நேராகவே போகிறது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

படிப்பு முடிந்ததும் வந்துவிடுவேன் என்றவன் அங்கேயே வேலையில் சேர்ந்துவிட்டாய் என்று தெரிந்த நாளிலிருந்து அப்பா உன்னோடு பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் மணி அடித்தால் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுகிறார். சற்றுமுன்தான் குளித்து விபூதி பூசியிருந்தாலும் மறுபடி போகிறார். மலாக்காவிலேயே சுத்தமான மனிதர் இப்போது உன் அப்பாதான். அப்படிப்பட்டவர் தீபாவளி கழிந்து ஒருநாள் அலமாரி மேலிருந்த உன் காரை இறக்கித் துடைத்து, பேட்டரி ஏற்றி, மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு தோட்டத்துப் பந்துத் திடலுக்குப் போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் திரும்ப மேலே வைத்துவிடுவார். முப்பது வருஷம் தோட்டத்து லோரி ஓட்டியவருக்கு இது ஒரு காரியமா என்று நினைத்தேன். கார் தன்னைவிட்டுப் போகும்போது ஒழுங்காகத் திருப்புகிறார், தன்னைப் பார்த்து வரும்போது அதன் இடப்பக்கம் இவருக்கு வலப்பக்கமாகிவிடுகிறது, அங்கேதான் தடுமாற்றம். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார் பார். பழைய லோரியின் பக்கக் கண்ணாடியை எங்கேயோ தேடி எடுத்துவந்து, கார் வரும்போது அதற்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியில் பார்த்து ஓட்டுகிறார். "பின்னால வர்றத கண்ணாடியில பாத்தே பழகின கண்ணுலா இது" என்கிறார். சரியாகத்தான் வருகிறது. ஆனால் அவருடைய இரண்டு கையிலும் ரிமோட் இருப்பதால் கண்ணாடியைப் பிடிப்பது நான். அவர் திரும்பும்போதெல்லாம் நானும் அவரைச் சுற்றி ஓடவேண்டும். கல்யாணத்தில் அக்னியைச் சுற்றியதோடு முடிந்தது என்று இருந்தேன், இந்த வயதில் அவரைச் சுற்றுகிறேன். உஷாராணி அக்கா கிளேபாங்கிலிருந்து வந்து பார்த்துவிட்டு, அப்பாவை டாக்டரிடம் காட்டலாமா அம்மா என்று காதோடு கேட்டாள். என்னையும் சேர்த்துக் காட்டு என்றேன்.

இடம் வலம் சரியானாலும் அந்தச் செம்மண் புழுதியில் கார் வளைவில் திரும்பமாட்டேன் என்கிறது. முன்சக்கரம் என்னவோ திரும்பித்தான் இருக்கிறது, கார்தான் வழுக்கிக்கொண்டு நேரே போகிறது. இந்த வருஷம் பொங்கல் விளையாட்டில் சாக்கு ஓட்டம், உறியடியோடு ரிமோட் கார் பந்தயமும் வைத்தார்கள். தோட்டத்து ஆபீஸ் கிராணி தனபாலன், மகனுக்கு வாங்கிய காரைத் தானே ஓட்டி முதலில் வந்தார். நம் கார் கோல் கம்பத்தில் திரும்பாமல் நேரே போய், திடல் ஓரத்தில் கோலப் போட்டிக்கு மீனம்மா அக்கா போட்ட கோலத்துக்குள் புகுந்து, மயிலின் கழுத்தோடு நின்றது. அக்கா இன்றுவரை என்னோடு பேசவில்லை. பூசாரி அப்புசாமி வந்து பார்த்துவிட்டு, "பூஜ போடாத வண்டி எப்படி அண்ணே சொன்ன பேச்சு கேக்கும்" என்றார். அப்பாவுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. சைக்கிளுக்குக்கூடப் பூஜை போட்ட குடும்பம் நம்முடையது. அந்த வெள்ளிக்கிழமையே காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கார் பழத்தின்மேல் ஏறி, இறங்க முடியாமல் நாலு காலும் ஆட மாட்டிக்கொண்டது. பிறகு கோலிக்குண்டு அளவில் இருக்கும் சின்ன லிமாவ் கஸ்தூரி எலுமிச்சையாக வாங்கிவந்து நசுக்கி முடித்தார்கள். கண்ணேறு படாமல் இருக்க நல்ல பெரிய எலுமிச்சம்பழம் ஒன்றை மிளகாயோடு கோர்த்துக் காரின் மூக்கில் கட்டினார் பூசாரி. மறுநாள் கார் அப்படியொரு அழகாகத் திரும்பியது. பூசாரி திடலிலேயே கற்பூரம் கொளுத்தினார். ஒரு வாரம் போனதும் மறுபடி நேராகப் போக ஆரம்பித்தது, பழத்தின் சக்தி இறங்கிவிட்டது, வெள்ளிக்கு வெள்ளி மாற்றுங்கள் என்றார் பூசாரி. நான் ஊறுகாய்க்கு வாங்கிவைத்த பழமெல்லாம் காரின் மூக்குக்கே போய்விட்டது.

ஒருநாள் நான் அந்தப் பழைய பழத்தை அவிழ்த்துக் கையில் வைத்துப் பார்த்தேன். வெயிலில் காய்ந்து முட்டை ஓடு கணக்காக இருந்தது. சக்தி எதில் இருக்கிறது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. முன்பக்கம் கனம் இருந்தால் சக்கரம் மண்ணைப் பிடிக்கிறது, அவ்வளவுதான். யாருக்கும் சொல்லாமல் அப்பாவின் தூண்டில் பெட்டியிலிருந்து ஒரு ஈயக் கட்டியை எடுத்துக் காரின் முன்னால் அடியில் கட்டிவிட்டேன். அன்று காய்ந்த பழத்தோடேயே கார் அருமையாகத் திரும்பியது. அப்பா சிரித்தார். கொஞ்ச நேரத்தில் முகம் வாடிவிட்டது. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "சரி, இனிமே தினேஸ்கிட்ட கேக்க ஒண்ணும் இல்ல" என்றார். இத்தனை நாளும் அந்த மனிதர் உன்னிடம் கேட்க ஒரு கேள்வி வேண்டும் என்றுதான் காரைக் கட்டி அழுதிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் ஈயக் கட்டியை அவிழ்த்துப் பெட்டியிலேயே போட்டுவிட்டேன். மறுநாள் கார் நேரே சாக்கடைக்குள் போனது. அப்பா பாயசம் குடித்தவர் முகத்தோடு காரைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுக்கு அவன்தான்லா பதில் சொல்லணும், எழுதிக் கேளு, நான் கேட்டேன்னு மட்டும் எழுதாத" என்றார்.

அதனால் கேட்கிறேன். பதிலை எனக்கு எழுதாதே, அப்பா பெயருக்கே எழுது. எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கொட்டிவிடாதே. முதல் கடிதத்தில் முன்சக்கரத்துக்குப் பல்லு வைத்த டயர் போடச் சொல். அடுத்ததில் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்கச் சொல், லோரிக்காரரிடம் அதைப் பணிவாகச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கோபம் வரும். சித்திரை வருஷப் பிறப்புக்கு மறுபடி பந்தயம் வைக்கிறார்கள், அதற்குள் மூன்று கடிதமாவது வந்துவிடும். உன் வேலையைப் பற்றி நீ எழுதவேண்டாம், அவரே கேட்பார்.

இதை எழுதும்போது அப்பா இரண்டு தரம் எட்டிப்பார்த்து, இவ்வளவு நேரம் என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்லி எழுதுகிறேன் என்றேன். ஆகவே சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, அம்மாவைப் பொய் சொன்னவளாக்காதே. ஈரத்தலையோடு வெளியே போகாதே. அம்மன் துணையில் நோய்நொடி இல்லாமல், கைத்தொழில் சிறந்து, நல்லபடியாக இரு.

ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். ஈயக் கட்டி விஷயத்தை மட்டும் கடிதத்தில் எழுதாதே, வருஷப் பிறப்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவிடமே சொல். அன்று காலையில் குளியலறைத் தொட்டியைக் கழுவப்போகிறேன் என்று தண்ணீரையெல்லாம் நான் திறந்துவிட்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
வீ. காளியம்மா