மேட்டு வயல் மண் எங்கும் போகவில்லை

வில்மோர் கவுண்டி, அயோவா
ஆகஸ்ட் 28

அன்பு மகள் லீட்டாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் முனகும். நீயும் அங்கே நியூசிலாந்தில் அப்படியே சுகமாக இருக்க வேண்டும். அங்கே இப்போது கன்று ஈனும் காலமாமே. ஊர் மாடுகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவள் நனைந்த சட்டையோடு பண்ணை பண்ணையாக அலையாதே, வண்டியில் மாற்றுச் சட்டை ஒன்று போட்டு வை.

சொல்ல வந்தது மேட்டு வயல் சமாச்சாரம். டெல்மர் ப்ரூன்ஸிடம் நாம் குத்தகைக்கு எடுத்திருக்கும் நாற்பது ஏக்கர்தான். உச்சியில் கறுப்பு மண் போய் மஞ்சள் களி தெரிந்தது உனக்கு நினைவிருக்கும். ஏழு வருடம் முன்னால் நீ படிப்பை முடித்து வந்து, சமையலறையில் நின்று, "அப்பா, அறுவடை முடிஞ்சதும் உழாதீங்க. கோதுமை மாதிரி ரைப் பயிரை விதைச்சு குளிர்காலம் பூரா மண்ணை மூடி வைங்க. இல்லேன்னா மேடு மொத்தமும் ஆத்தோட போயிடும்" என்றாய். "மாட்டுக்கு ஊசி போடப் படிச்சவ எனக்கு மண்ணைப் பத்திச் சொல்ல வேணாம்" என்றேன் நான். நீ தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போனாய், அடுத்த வசந்தத்தில் விமானம் ஏறிவிட்டாய்.

அதற்குப் பிறகும் நான்கு வருடம் உழுதேன், ஒவ்வொரு வசந்தத்திலும் உச்சி இன்னும் கொஞ்சம் மஞ்சளானது. ஐந்தாம் வருடம் கலப்பையைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு ரை விதைத்தேன். கன்றுகளுக்குத் தீவனம் என்று அம்மாவிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை. முதல் வருடம் மக்காச்சோளம் வெளிறிப் போய்க் குட்டையாக நின்றது. கூட்டுறவுக் கிடங்கின் காப்பி மேசையில், பக்கத்து வயல் கென்ட், "ஆர்விலுக்கு வயசாயிடுச்சுப்பா, உழவே மறந்துபோச்சு. களையை வளக்குறாரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். டெல்மர் ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து காரில் வருவார், கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுப் போவார், இறங்க மாட்டார். இந்த ஏப்ரலில், "ஆர்வில், என் நிலம் பாக்கவே அசிங்கமா இருக்குப்பா. கென்ட் கேக்குறான், இந்த அறுவடையோட அவனுக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார். என் அப்பா காலத்திலிருந்து நாம் பயிர் வைத்த மேடு அது.

மே மாதக் கடைசியில் மக்காச்சோளம் இரண்டு இலை விட்டிருந்த நேரம், ஒரே பிற்பகலில் நான்கு அங்குலம் மழை கொட்டியது. மறுநாள் காலை கவுண்டி நிர்வாகத்தின் இயந்திரம் சாலையிலிருந்து சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது, அத்தனையும் கென்ட் உழுது போட்டிருந்த வயலின் மண், நல்ல கறுப்பு. அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையோரம் நின்றான், எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அன்று ஞாயிறு இல்லை, ஆனாலும் டெல்மர் வந்தார். நம் மேட்டிலிருந்து, மண்மேல் சாய்த்து விட்டிருந்த ரை வைக்கோலுக்கு நடுவே தண்ணீர் தெளிவாக வடிந்துகொண்டிருந்தது. மனிதர் காரை விட்டு இறங்கி, பளபளவென்ற ஷூவோடு உச்சிக்கே ஏறி வந்து, "தோண்டிக் காட்டு" என்றார். ஒரு மண்வெட்டி புரட்டினேன். மண் கேக் போலப் பொலபொலவென்று உதிர்ந்தது, களிக்கு மேலே ஒரு விரல் கனத்துக்குக் கறுப்பு ஏறியிருந்தது. புழுக்களை எண்ணத் தொடங்கியவர் பதினொன்றோடு நிறுத்திவிட்டு, "இதை யாருப்பா உனக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்.

"என் பொண்ணு லீட்டா. அவ சொன்னப்பவே கேட்டிருந்தேன்னா இன்னும் நாலு வருஷத்து மண்ணு இங்கேயே கெடந்திருக்கும்" என்றேன்.

அவர் தன் ஷூவில் ஒட்டிய மண்ணை வைக்கோலில் தேய்த்தார். பிறகு, "கென்ட்டுக்கு நான் சொல்லிக்கிறேன், நீயே வச்சுக்க" என்று இறங்கிப் போனார்.

போன வாரம் மண் பரிசோதனை அலுவலகத்தார் நம் மேட்டிலேயே ஒரு கூட்டம் போட்டார்கள், அறுபது பேராவது இருக்கும், என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமா என்ன, நீ சமையலறையில் சொன்னதை அப்படியே சொன்னேன், நான் சொன்ன பதிலையும் விடாமல் சொன்னேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா பின்வரிசையில் நின்றுகொண்டு தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும், "அது எங்க பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கென்ட் எல்லாரும் போகும்வரை இருந்து, "ரையை எப்ப விதைக்கணும் ஆர்வில்?" என்று கேட்டான். என் விதைப்பு இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

அன்று சமையலறையில் நான் பேசியது தப்பு, லீட்டா. இதை எழுத இவ்வளவு காகிதம் தேவைப்பட்டிருக்கிறது. உன்னைப் பெற்றதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று கூட்டத்தில் சொன்னேன், உன்னிடம்தான் இதுவரை சொன்னதில்லை.

கடவுள் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும், உன் கைபட்ட கன்றெல்லாம் எழுந்து நிற்கட்டும். இன்னொன்று. இந்த முறை ரையோடு, மண்ணுக்கு உரமாகும் க்ளோவர் செடி விதையும் கலந்து தூவலாமா என்று ஒரு யோசனை. கிடங்கில் ஒருவன் ஒன்று சொல்கிறான், விதை விற்பவன் வேறொன்று சொல்கிறான். நீ என்ன நினைக்கிறாய்? மறக்காமல் விவரமாக எழுது. உன் பதில் வந்த பிறகுதான் விதை வாங்குவேன்.

உன் அப்பா,
ஆர்வில் டெஸ்டால்