வெறும் கட்டளை

மார்ச் 3

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நலம்தானே? ஆன்டெனா பக்கம் செல்போன் ஆகாது என்பதால் மறுபடியும் காகிதம்தான். தூரம் போகப் போக எங்கள் விண்கலத்தின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது உனக்குத் தெரியும். இப்போது நான்கு ஆன்டெனாக்களை இணைத்து ஒரே காதாக்கிவிட்டோம். நேற்றுத் தெளிவாகக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வாரம் தவறாமல் அதற்கு ஒரு வெறும் கட்டளை அனுப்புவோம். அது எதையும் செய்யச் சொல்லாது. நாங்கள் இருக்கிறோம் என்று மட்டும் தெரிவிக்கும். அது வராமல் நின்றுபோனால், தன் காதுதான் பழுது என்று நினைத்து விண்கலம் தானாகவே வேறு ரிசீவருக்கு மாறிக்கொள்ளும். அந்தக் கட்டளை என் பொறுப்பு. அதனால் இந்த மாதமும் வர முடியாது. அப்பா எங்கே என்று கேட்டால் வாலுவிடம் நீயே ஏதாவது சொல்லிச் சமாளி.

உன்,
இஞ்சினியர்


ஏப்ரல் 12

அன்புள்ள இஞ்சினியர் சாருக்கு,

நலம். உங்கள் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. "அப்பா வர்றதுக்குள்ள புதுசு முளைச்சிடும், பாரேன்" என்கிறாள். சமாளிக்க என்னிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது.

அவ்வளவு தூரத்தில் போகிற இயந்திரத்துக்கு வாராவாரம் "இருக்கிறோம்" என்று சொல்லத் தெரிகிறது உங்களுக்கு. எனக்கும் அந்த ஒரு வரி போதும். பள்ளி விடுமுறை முடிவதற்குள் வாருங்கள். இல்லையென்றால் அண்ணன் ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொள்வேன். கோபமில்லை, அலுத்துவிட்டது.

இப்படிக்கு,
டீச்சர்


ஜூலை 20

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பூட்டியிருக்கிறது. மாடி வீட்டு அக்கா, "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா தம்பி? அவங்க போய் ஒரு மாசம் ஆச்சே" என்றார். உன் அண்ணன் முகவரியும் அவர் தந்ததுதான். உன் கடிதம் வந்தபோது ஆன்டெனாவில் புது ரிசீவர் பொருத்திக்கொண்டிருந்தோம். இன்று நாளை என்று தள்ளிவிட்டேன். இனி வாராவாரம் எழுதுவேன். நான் இருக்கிறேன்.

உன்,
இஞ்சினியர்


நவம்பர் 5

அன்புள்ள உங்களுக்கு,

வாரம் தவறாமல் கடிதம் வருகிறது. ஒன்றைக்கூடக் கிழிக்கவில்லை. கிழிக்கிற அளவுக்குக் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உங்கள் விண்கலம் மாதிரி நானும் மாறிக்கொண்டேன். அண்ணன் வீட்டுக்கு அடுத்த தெருவில் சின்ன வீடு. இரண்டு தட்டு, இரண்டு நாற்காலி. இப்போதெல்லாம் தூக்கம் வருகிறது.

தபால்காரர் மணி அடித்தால் வாலுதான் ஓடுகிறாள். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எனக்கு இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டு என்னிடம் நீட்டுகிறாள். இனி எனக்கு எழுத வேண்டாம். அவளுக்கு எழுதுங்கள். அவள் இன்னும் மாறிக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா